சுத்தக் கறுப்பு வெள்ளை

மார்ச் 4

பிரிண்டர் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் சுவர்க் கடிகாரம்தான் தருவார்கள். இனி நேரம் பார்த்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு தருவார்கள். எனக்கு மட்டும் பெரிய தாள் போகிற கலர் பிரிண்டர். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கறுப்பு மையைத் தவிர வேறெதையும் தொடாத வரைபடக்காரனுக்குக் கலர் பிரிண்டர். யார் மூளையில் உதித்ததோ.

ஆனால் இன்று அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது. நூலகர் அம்மா போன் செய்தார். வாசிப்பு அறைச் சுவரில் ஏப்ரல் 6 முதல் இரண்டு வாரம் என் படங்கள். பன்னிரண்டு. மதிய இடைவேளைகளில் சின்ன நோட்டில் மையைத் தண்ணீரில் கரைத்து வரைந்தவை: அலுவலக மாடிப்படி, கைகழுவும் தொட்டி, கொக்கியில் தொங்கும் மழைக்கோட்டு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். சுவருக்கு அது போதாது, ஸ்கேன் செய்து பெரிதாக்கி அச்சடித்துத் தர வேண்டுமாம்.

"கடையில குடுத்துப் போட்டுக்கங்க சார்" என்றார். கடைக்காரனுக்குச் சாம்பலும் தெரியாது, சாம்பலில் இருக்கிற படிகளும் தெரியாது. நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அறுபது வயதில் முதல் கண்காட்சி. சந்தோஷமாக இருக்கிறது. இதை வேறு எங்கும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

மார்ச் 5

அழைப்பிதழில் போட ஒரு வரி கேட்டார் நூலகர். யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது: "வண்ணம் என்பது வரையத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம்." அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

முன் அறையில் தையல் மெஷினில் இருந்த என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். ரசித்திருப்பாள்.

மார்ச் 8

பிரிண்டர் வேலைநிறுத்தம். மஞ்சள் மை தீர்ந்துவிட்டதாம். ஐயா, நான் அச்சடிப்பது கறுப்பு வெள்ளை. மஞ்சள் எதற்கு? திரையில் அதே வாசகம், அதே சிவப்பு விளக்கு. கெஞ்சினாலும் திட்டினாலும் நகரவில்லை.

மஞ்சள் வாங்கிப் போட்ட பிறகு கையேட்டைப் படித்தேன். இந்த ஆசாமி சாம்பலை வெறும் கறுப்பில் செய்வதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் துளித்துளியாகக் கலந்துதான் செய்கிறான். வாழ்நாள் முழுக்க எதை வாசலோடு நிறுத்தி வைத்தேனோ அது மைக்குடுவையில் ஏறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வெறும் கறுப்பில் மட்டும் அடிக்கவும் வழி இருக்கிறது, பார்த்தேன். புள்ளி புள்ளியாக, மணல் தூவினது போல வருகிறது. மழைக்கோட்டுக்கு அம்மை போட்ட மாதிரி. வேண்டாம்.

மார்ச் 9

பிடித்துவிட்டேன். அச்சு அமைப்புக்குள் கறுப்பு வெள்ளைக்கென்று தனியாக ஒரு வட்டம் இருக்கிறது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அதை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தச் சாயல் வரும், நடுவில் விட்டால் நடுநிலை. கம்பெனிக்காரன் சொல்லும் நடுநிலை. என் கண்ணுக்கு அதில் லேசாக மஞ்சள் அடித்தது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுத்தேன், பிறகு கீழே கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஏழு தாள் வீண். எட்டாவதில் நின்றது பாருங்கள் சாம்பல், சுத்தமாக, ஒரு கலப்பும் இல்லாமல்.

இயந்திரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கடைசியில் வேண்டியது ஒரு கண்.

மார்ச் 10

முதல் ஆறு முடிந்தது. சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து அவளைக் கூப்பிட்டேன். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பச்சையா இருக்கே."

"எது?"

"எல்லாமே."

டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்று விளக்கினேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்து மேசையில் வைத்தாள். "அங்கேயும் பச்சைதான்" என்று சொல்லிவிட்டு, யாருடைய பேண்ட்டையோ சுருக்கப் போய்விட்டாள்.

மார்ச் 11

மகள் வீடியோவில் வந்தாள். படங்களைக் காட்டினேன். "சூப்பர்ப்பா. ஆனா ஏன் பச்சையா போட்டிருக்கீங்க?"

போன் கேமரா எந்த நிறத்தையும் உள்ளபடி காட்டாது என்று அவளுக்கும் ஒரு வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள், தெரிகிறது. எனக்கு ஒரு கண்காட்சி என்றால் வீட்டில் ஒரு எதிர்க்கட்சி வேண்டாமா.

மார்ச் 12

ஆறையும் நூலகத்தில் ஒப்படைத்தேன். நாளையே சட்டகம் போடக் கொடுத்துவிடுவார்களாம். நூலகர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "ரொம்ப வித்தியாசமா இருக்கு சார்" என்றார். இந்த வீட்டுக்கு வெளியில் ரசனை உயிரோடுதான் இருக்கிறது.

மார்ச் 15

இன்று அவள் ஒரு சாம்பல் நூல்கண்டைக் கொண்டுவந்து, வீணான தாள் ஒன்றின் மேல் வைத்துக் காட்டினாள். "இது சாம்பல். இது பாசி. தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது ஒரே சாம்பல். நூலும் தாளும் ஒட்டிப் பிறந்தவை. அவள் முகத்தைப் பார்த்தேன், விளையாடவில்லை. நிஜமாகவே பச்சை என்று நம்புகிறாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தைந்து வயது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மெஷினில் குனிந்து தைக்கிற கண். இத்தனை நாள் நான் அதை யோசிக்கவே இல்லையே. வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன், இது கண்நோயாக இருந்தால்? நூல் நிறம் தெரியவில்லை என்றால் அவள் தொழில் என்னாகும்? நாளை மறுநாளே கூட்டிப் போகிறேன். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். "சரி, வரேன். ஆனா நீங்களும் காட்டிக்கணும்" என்றாள். துணைக்கு நானும் காட்டிக்கொண்டால் அவளுக்குத் தைரியமாக இருக்கும்.

மார்ச் 17

கண்ணாடிக் கடை. கண் பார்க்கிற பெண்ணிடம் நானே விவரம் சொன்னேன்: "இவங்களுக்குச் சாம்பலெல்லாம் பச்சையா தெரியுது. பயப்படற மாதிரி ஏதாவது இருந்தா எங்கிட்ட தனியா சொல்லுங்க." அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். பக்கம் பூராவும் வண்ண வட்டங்கள், நடுவில் எண் ஒளிந்திருக்குமாம்.

என் மனைவி பேப்பர் வாசிப்பது போல வாசித்தாள். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. எல்லாம் ஊகம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். "இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். எனக்கு அங்கே ஐந்து பளிச்சென்று தெரிந்தது. பாவமாக இருந்தது.

அடுத்து நான். பன்னிரண்டு. மூன்று. எழுபது. பிறகு நாலைந்து பக்கம் வெறும் வட்டங்கள், எண்ணே போடாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கம் வந்தது. "ஐந்து" என்றேன். "பாத்தீங்களா, இவங்க இதைத்தான் விட்டுட்டாங்க."

அந்தப் பெண் புத்தகத்தை மெதுவாக மூடினாள். அந்தப் பக்கத்தில் எண் சிலருக்கு மட்டும்தான் தெரியுமாம். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாதவர்களுக்கு. பிறவியிலேயே வருவதாம், ஆண்களில் நிறையப் பேருக்கு உண்டாம், பயப்பட ஒன்றுமில்லையாம். எல்லாவற்றையும் என் மனைவியைப் பார்த்தே சொன்னாள். தனியாகச் சொல்லச் சொன்னது நான்தானே.

மார்ச் 18

பழைய புத்தகம். அச்சு மங்கியிருந்தது.

மார்ச் 19

அச்சு மங்கவில்லை.

மார்ச் 20

மத்தியானம் அவள் மெஷினை நிறுத்தும்வரை காத்திருந்து கேட்டேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமாகி ஆறாவது மாசம். பழுப்பு நூல் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். பச்சை வாங்கிட்டு வந்து, நீ கேட்ட பழுப்பு இதுதான்னு நின்னீங்க."

"இருபத்தொன்பது வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் என் கண்ணுதான் சரியில்லன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு வேலை இருந்துச்சு."

அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாகக் காலையில் கட்டில்மேல் சட்டையும் பேண்ட்டும் ஜோடியாக எடுத்து வைக்கிறாளே, அதை அதிகாரம் என்று நினைத்து இந்த நோட்டிலேயே எத்தனை பக்கம் புலம்பியிருக்கிறேன். ஊர் சிரிக்காமல் என்னை வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வருகிறது. ஆறும் படகும் வரையச் சொன்னார் ஓவிய வாத்தியார். என் தாளை உயர்த்திப் பிடித்தார், வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கலர் பென்சிலைத் தொட்டதாக நினைவில்லை. அதைத்தான் கொள்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன் — ஐம்பது வருஷம்.

மார்ச் 21

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அழைப்பிதழ் வந்தது. என் வரியைக் கொட்டை எழுத்தில் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 22

கண்காட்சியே வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன். அவள் வாங்கி வைத்துவிட்டாள்.

"இன்னும் ஆறு பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு."

"மெஷினைப் போடுங்க. நான் ஜன்னல் பக்கம் நிக்கறேன்."

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நான் அச்சடிப்பேன், அவள் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நூல்கண்டைப் பிடிப்பாள். "சிவப்பு பக்கம் கொஞ்சம்." அடித்தேன். "ரொம்ப போயிடுச்சு, ரோஸ் அடிக்குது. பாதி திரும்புங்க." அடித்தேன். மை காய்ந்தால் நிறம் மாறும் என்று அவளே கண்டுபிடித்து, ஒவ்வொரு தாளுக்கும் கால் மணி நேரம் காக்க வைத்தாள். எனக்கு மூன்றாவதும் ஒன்பதாவதும் ஒன்றுதான். ஒன்பதாவதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதான். இதுதான் சாம்பல்." அவள் சொன்னதை நம்பிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வட்டத்தில் புள்ளி கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்தேன். நடுவிலிருந்து ஒரு மயிரிழை. பெட்டியைப் பிரித்த அன்று எங்கே இருந்ததோ ஏறக்குறைய அங்கேயே.

பழைய ஆறையும் வாங்கிவந்து இப்படியே திரும்பப் போட்டுவிடலாம் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 26

பார்க்கவில்லை. திருப்பிக் கேட்டால் நூலகர் ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டியிருக்கும். சட்டகம் போட்டுச் சுவரில் ஏற்றியாயிற்றாம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். ஏற்றியது உண்மை. கழற்ற முடியாது என்றது நான் சேர்த்தது.

மார்ச் 29

அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவன் போன் செய்தான். வரைபடங்களுக்கு வண்ணம் பூசுகிற வேலையெல்லாம் அவனுடையதுதான். போனால் போகட்டும், பிழைத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுக்கொடுத்தது. நைசாக விசாரித்தேன்.

"விட்டுக்குடுத்தியா? வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம் ஏரிக்கு ஊதா அடிச்சே. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இனிமே இவன் பக்கத்துல கலர் போகாம பாத்துக்கோன்னாரு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உன்னைத் தவிர."

கலர் பிரிண்டர் யார் யோசனை என்று கேட்டேன். அவனுடையதாம். "இனி நான் பக்கத்துல இல்ல. அதுவாச்சும் கலரைப் பாத்துக்கட்டும்னுதான்."

ஏப்ரல் 6

திறப்பு விழா. இந்தப் பக்கச் சுவரில் ஆறு, அந்தப் பக்கச் சுவரில் ஆறு. என் கண்ணுக்கு ஒரே குடும்பம். வந்தவர்கள் மட்டும் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

தலைமை விருந்தினர் ஓவியக் கல்லூரி ஆசிரியர். அவள் ஜன்னலில் நின்று பிடித்துக் கொடுத்த ஆறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பச்சை ஆறைப் பற்றி இருபது நிமிடம். வண்ணத்தை மறுத்த கலைஞன் கடைசியில் சாம்பலுக்கு உள்ளே அதைச் சுவாசிக்க விட்டிருக்கிறானாம். யாரும் தொடத் துணியாத பச்சையாம். மைக்கை என் பக்கம் நீட்டினார். "இந்த ஆறு மட்டும் இப்படி. திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க?"

"ஆமாம்" என்றேன்.

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அவள் பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடும்படி அதில் ஒன்றும் கிடையாது, சாவியும் கண்ணாடிக்கூடும்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நல்லா பேசினாரு" என்றாள்.

ஏப்ரல் 7

ஏன் ஆமாம்னேன்? யாரு கழுத்தைப் பிடிச்சா? இல்லைங்க, அது தப்பு, எனக்குத் தெரியல, அந்த ஆறும் இவ பாத்தது — நாலு வார்த்தை. வாயில் வரவில்லை. அவள் சண்டை போட்டிருந்தாலாவது நானும் ரெண்டு கத்தியிருப்பேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். என் சட்டைதான்.

கேவலமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஏப்ரல் 8

காலையில் உட்கார்ந்து ஒரு அட்டை தயார் செய்தேன். வெறும் எழுத்து, வெறும் கறுப்பு. இதையாவது யாரும் பச்சை என்று சொல்ல முடியாது. அவளிடம் காட்டினேன்:

"இந்தச் சுவரில் உள்ள ஆறு படங்களும் பச்சையாக இருக்கின்றன. திட்டமிட்டு அல்ல. அச்சடித்தவனுக்குப் பச்சை தெரியாது. எதிர்ச்சுவரில் உள்ள ஆறும் சரியான சாம்பல். அவற்றின் நிறத்தைப் பார்த்துச் சொன்னவர் என் மனைவி."

இரண்டு தடவை படித்தாள். என்னமோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன்.

"மனைவின்னு போடாதீங்க."

"ஏன்?"

"பொண்டாட்டி சொன்னா தலையாட்டிட்டான்னு இருக்கும். தையல்காரர்னு போடுங்க. தொழில் தெரிஞ்சவங்க சொன்னதா இருக்கும்."

மாற்றினேன். பிரிண்டர் மறுபடியும் நின்றது, இந்தத் தடவை நீலம் இல்லையாம். வாங்கிவந்து போட்டு அச்சடித்து நூலகத்துக்குக் கொண்டுபோனேன். நூலகர் படித்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி படித்தார். "அழைப்பிதழ்ல இருந்த அந்த வரியைப் பெருசா எழுதி வாசல்ல மாட்டியிருக்கோமே சார்" என்றார். கழற்றிவிடுங்கள் என்றேன். ஸ்டூல் போட்டு நானே ஏறிக் கழற்றினேன்.

ஏப்ரல் 9

கல்லூரி ஆசிரியர் போன் செய்தார். அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். தெரியாமல் செய்தது என்பதால் அந்தப் பச்சை இன்னும் ஆழமாகிவிட்டதாம். இந்த மனிதரை எதனாலும் கவிழ்க்க முடியாது.

ஏப்ரல் 15

இன்று மத்தியானம் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அவளும் என்னோடு நூலகத்துக்கு வந்தாள். யாரோ ஒருவர் பாவாடை ஓரத்தைப் பற்றிக் கேட்பது போல, வந்தவர்கள் அவளிடம் சாம்பலைப் பற்றிக் கேட்கிறார்கள். அவளும் அதே குரலில் பதில் சொல்கிறாள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும்.

மூன்று மணிக்கு ஒரு தம்பதி. கணவருக்கு என் வயதிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்துக்குப் படம் நின்று பார்த்தார். அட்டையைப் படித்தார். இந்தச் சுவரைப் பார்த்தார், அந்தச் சுவரைப் பார்த்தார், நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் வரைஞ்சவரா? அட்டையில தப்பா போட்டிருக்காங்க. பன்னிரண்டும் ஒரே கலர்தான். எங்கேயும் பச்சை கிடையாது."

அவருக்குப் பின்னால் அந்த அம்மா மெல்ல, "பச்சைதாங்க" என்றார்.

"நீ சும்மா இரு. இந்த வெளிச்சத்துல அப்படித் தெரியும்" என்றார் அவர் திரும்பாமலே. எனக்கு ஆதியிலிருந்து விளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு மனப்பாடம்.

என் மனைவி எழுந்து அந்த அம்மாவைப் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"உட்காருங்க" என்றாள். "இதுக்கு நேரமாகும்."